கொள்கையளவில் வரவேற்கிறோம்

வணக்கம் நேயர்களே. அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பவர்களுக்கும், கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வானொலியை வைத்திருப்பவர்களுக்கும், இருட்டுகிற நேரத்தில் ஹட்டன் பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்களுக்கும் என் வணக்கம்.

முப்பது வருடத்துக்கு மேல் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்தவன் நான். 2024 ஒக்டோபரில், ரஷ்யாவின் கசான் நகரில் பிரிக்ஸ் மாநாடு, அதாவது பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாபிரிக்கா முதலிய நாடுகளின் கூட்டமைப்பின் மாநாடு, நடந்த நேரம், இலங்கையும் அதில் அங்கத்துவம் கேட்டிருக்கிறது என்று செய்தி வந்தது. அந்த வாரம் தலவாக்கலை பஸ் நிலையத்தில் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தியைக் கண்டேன். இப்போது அவளே ஓர் ஆசிரியை. "சேர், நாங்க பிரிக்ஸ்ல சேர்ந்துட்டோமா?" என்று கேட்டாள். "கேட்டிருக்கிறோம் மகள், சேரவில்லை" என்றேன். "நாங்க கேட்டா அவங்க வேணாம்னா சொல்லப் போறாங்க?" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள். அவளுக்குச் சொல்ல நினைத்த பதிலைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப் போகிறேன்.

ஜெனீவாவுக்கும் கசானுக்கும் போவதற்கு முன்னால் எங்கள் தோட்டத்துக் கொழுந்து மடுவத்துக்குப் போய் வருவோம். சங்கத்தில் ஆள் சேர்ப்பது என்றால் என்ன என்று நான் படித்தது அங்கேதான்.

தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறிய காலம். 1976 ஆக இருக்க வேண்டும், நான் சின்னப் பையன். எங்கள் டிவிசனில் ஒரு மரண உதவிச் சங்கம் இருந்தது. உங்கள் தோட்டத்திலும் இருந்திருக்கும், இப்போதும் இருக்கும். வீட்டுக்கு மாதம் ஒரு ரூபா. சங்கத்தின் சொத்து என்று பார்த்தால் பந்தலுக்குத் தகரம், ஓர் அண்டா, தேத்தண்ணிக் கோப்பைகள், இரண்டு பெற்றோமாக்ஸ் விளக்கு. செயலாளர் என் அப்பா. கணக்கெல்லாம் ஒரு சீஆர் கொப்பியில் இருக்கும். மை ஊறிப்போன கொப்பி. அது இன்றும் என் அலமாரியில் இருக்கிறது.

வேறு தோட்டத்தில் இருந்து ஏழு குடும்பங்கள் எங்கள் டிவிசனுக்கு வந்தன. வந்த மாதமே சங்கத்தில் சேர வேண்டும் என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மடுவத்தில் கூட்டம். தலைவர் எழுந்து, "வந்தவங்களை மனசார வரவேற்கிறோம்" என்று தொடங்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம்தான் "ஆனா" வந்தது. தகரமும் விளக்கும் பத்து வருடமாகச் சேர்த்த காசில் வாங்கியவை, புதிதாக வருகிறவர்கள் அதற்கு ஈடாக நுழைவுப் பணம் கட்ட வேண்டும் என்றார் ஒருவர். ஆறு மாதம் சந்தா கட்டிய பிறகுதான் உதவி என்றார் இன்னொருவர். இதெல்லாம் நியாயம்தான், வந்தவர்களும் ஒத்துக்கொண்டார்கள். கடைசியாக மூன்றாம் லயத்து மாமா எழுந்தார். அதுவரை வாயே திறக்காதவர். "சேர்க்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க லயத்துக்குப் பின்னால இருக்கிற மரக்கறித் துண்டுல வேலிய ரெண்டு முழம் தள்ளிப் போட்டிருக்காங்க. அதைப் பழைய இடத்துல வைக்கட்டும், கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

மரண உதவிச் சங்கத்துக்கும் மரக்கறித் துண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எங்கள் சங்கத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் புது ஆள் சேரலாம். அந்த ஒரு நாள் அவருடைய கைக்கு ஒரு வலு கிடைத்தது. வேறு நாளில் அவர் வேலியைப் பற்றிப் பேசினால் யார் கேட்டிருப்பார்கள்? வேலி இரண்டு முழம் பின்னால் போனது, ஏழு குடும்பங்களும் சேர்ந்தன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஆறு மாதம் முடிய முன்னமே அந்தக் குடும்பங்களில் ஒரு பாட்டி இறந்துபோனார். விதிப்படி உதவி கிடையாது. இரவு மழை. அப்பா கொஞ்ச நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து பெற்றோமாக்ஸ் ஒன்றில் எண்ணெய் ஊற்றி, பம்ப் அடித்து, அது உஸ்ஸென்று வெளிச்சம் பிடித்ததும் என் கையில் தந்து கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். அந்தத் திகதியில் கொப்பியில் ஒரு வரி இருக்கிறது: "பெற்றோமாக்ஸ் 1, இரவல்." பணம் கொடுத்ததாக எழுதவில்லை. விதியை மீறவில்லை, விளக்கும் போய்ச் சேர்ந்தது.

சரி, இப்போது ஜெனீவா.

அங்கே தலைமையகம் வைத்திருக்கும் உலக வர்த்தக அமைப்பு 1995 ஜனவரி 1 ஆம் திகதி தொடங்கியது. இன்றைக்கு அதில் 166 அங்கத்தவர்கள். கடைசியாக 2024 ஓகஸ்ட்டில் கொமொரோஸும் தீமோர் லெஸ்தேயும் சேர்ந்தன. ஒரு நாடு சேர வேண்டும் என்றால் சட்டத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு வரிதான்: ஒத்துக்கொள்ளப்படும் நிபந்தனைகளின் பேரில் சேரலாம். என்ன நிபந்தனை, எத்தனை, எவ்வளவு காலத்துக்குள் என்று ஒன்றும் அதில் இல்லை. நுழைவுக் கட்டணம் இவ்வளவு என்று எழுதி ஒட்டாத வாசல் அது. உள்ளே இருப்பவர்கள் அன்றைக்குக் கேட்பதுதான் கட்டணம்.

எப்படிக் கேட்பார்கள்? முதலில் ஒரு செயற்குழு அமைப்பார்கள். விருப்பமுள்ள எந்த அங்கத்தவரும் அதில் உட்காரலாம். சேர விரும்புகிற நாடு தன் வர்த்தகச் சட்டங்களையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு எழுத்தில் கேள்வி அனுப்புவார்கள். பதில் எழுதினால் அதிலிருந்து இன்னும் கேள்வி. அதோடு, ஒவ்வொரு அங்கத்தவரும் தனியாகக் கூப்பிட்டுப் பேரம் பேசலாம். எங்கள் பால்மாவுக்குத் தீர்வையைக் குறை, எங்கள் வங்கியை உள்ளே விடு, எங்கள் மீனுக்கு இடம் கொடு என்று. ஒருவருக்குக் கொடுத்த சலுகை எல்லோருக்கும் பொதுவாகிவிடும். எல்லாம் முடிந்து கடைசியில் ஒருமித்த கருத்து வேண்டும். யாராவது ஒருவர் கையைத் தூக்கினாலும் நின்றுவிடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்களே, இங்கே பூசாரிமார் 166 பேர்.

நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான், உங்களிடமும் சொல்கிறேன். வாசலில் கேட்கப்படும் கேள்வி புதியவரைப் பற்றியதாக இருக்கும். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் தேவை பழையவருடையது. மூன்றாம் லயத்து மாமாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரஷ்யா 1993 இல் விண்ணப்பித்தது. பதினான்கு கோடி மக்கள், எண்ணெய், எரிவாயு, அணுகுண்டு எல்லாம் உள்ள நாடு. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. இதற்கிடையில் பக்கத்து வீடான ஜோர்ஜியா, நாற்பது இலட்சம் அளவு மக்கள் உள்ள மலைநாடு, 2000 ஆம் ஆண்டிலேயே உள்ளே போய்விட்டது. ஜோர்ஜியாவுக்கு நமக்குத் தேயிலை போல திராட்சை. அங்கே மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், வைன் முக்கியமான ஏற்றுமதிகளில் ஒன்று. அதில் பெரும்பங்கை வாங்கியது ரஷ்யா. 2006 இல் தரம் சரியில்லை என்று சொல்லி ரஷ்யா ஜோர்ஜிய வைனைத் தடை செய்தது. இரண்டு நாட்டு அரசாங்கங்களுக்கும் இடையில் அப்போது ஏற்கெனவே மனக்கசப்பு. திராட்சை பறித்துக் கொடுத்த குடும்பங்களுக்கு ஒரே இரவில் சந்தை போய்விட்டது. கொழும்பு ஏலத்தில் ஒரு வாரம் விலை விழுந்தாலே நம் தோட்டங்களில் எப்படி எதிரொலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு வாங்குகிறவரே கடையை மூடிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, 2008 ஓகஸ்ட்டில், இரண்டு நாடுகளுக்கும் யுத்தம். அப்காசியா, தெற்கு ஒசெட்டியா என்ற இரண்டு பகுதிகள் ஜோர்ஜியாவின் கையை விட்டு முற்றாகப் போயின. யுத்த களத்தில் ஜோர்ஜியாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் ஜெனீவாவில் அதற்கு ஒரு நாற்காலி இருந்தது, ரஷ்யாவுக்கு இல்லை. "அந்த இரண்டு பகுதிகளின் எல்லை வழியாகப் போய்வரும் சரக்கை யார் கண்காணிப்பது என்று முடிவாகட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுகிறோம்" என்று ஜோர்ஜியா சொன்னது. நம் மாமாவின் வேலி இதேதான்.

அமெரிக்காவும் ஐரோப்பாவும் ரஷ்யாவோடு பேச்சை முடித்துவிட்டார்கள். எல்லோரும் ஜோர்ஜியாவைப் பார்க்கிறார்கள். கடைசியில் சுவிட்சர்லாந்து நடுவில் நின்று பேசியது. 2011 நவம்பர் 9 ஆம் திகதி ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தின் வேலைப்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. எல்லை யாருடையது என்ற பேச்சையே எடுக்காமல், சரக்குப் போகும் பாதைகளைக் குறித்து, இரண்டு பக்கமும் சாராத ஒரு தனியார் நிறுவனம் சரக்கைக் கண்காணிக்கும் என்று எழுதினார்கள். யாரும் தன் நிலைப்பாட்டை விட்டுக்கொடுத்ததாகச் சொல்ல முடியாது. இராஜதந்திரம் என்ற சொல்லைப் பலர் ஏமாற்று என்ற பொருளில் பாவிக்கிறார்கள். எனக்கு அது இந்த மாதிரி வேலை. கொப்பியில் "இரவல்" என்று எழுதிவிட்டு விளக்கைக் கொடுத்து அனுப்பிய வேலை.

2012 ஓகஸ்ட் 22 ஆம் திகதி ரஷ்யா சேர்ந்தது. பத்தொன்பது வருடம். அடுத்த வருடம் ஜோர்ஜிய வைன் மறுபடி மொஸ்கோவுக்குப் போகத் தொடங்கியது.

அதே வாரத்தில், இரண்டு நாள் கழித்து, 24 ஆம் திகதி இன்னொரு நாடு சேர்ந்தது. அதைப் பற்றிச் செய்தியில் நான் அதிகம் கேட்கவில்லை. பசிபிக் கடலில் இருக்கும் வனுவாட்டு. அது விண்ணப்பித்த காலத்தில் அங்கே இரண்டு இலட்சம் பேர் கூட இல்லை, நம் நுவரெலியா மாவட்டத்தை விடக் குறைந்த சனம். விண்ணப்பித்தது 1995 இல். கொப்பரை, மாட்டிறைச்சி, கொஞ்சம் உல்லாசப் பயணிகள், இதுதான் அவர்களுடைய பொருளாதாரம். அந்த நாட்டிடம் என்ன கேட்டார்கள்? தீர்வையைக் குறை என்றார்கள். அன்றைக்கு அவர்களுடைய அரசாங்க வருமானத்தில் பெரும்பங்கு அந்தத் தீர்வைதான், அங்கே வருமான வரி கிடையாது. சில்லறை வியாபாரம், மொத்த வியாபாரம், தொலைத்தொடர்பு என்று எல்லாவற்றையும் வெளியாருக்குத் திற என்றும் கேட்டார்கள்.

2001 இல் எல்லாம் பேசி முடித்து, டோஹா மாநாட்டில் கையெழுத்து வைக்க வேண்டிய நேரத்தில் வனுவாட்டு, "எங்களுக்கு இன்னும் கொஞ்சம் காலம் வேண்டும்" என்று சொல்லிவிட்டது. கதவு திறந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டது. வீட்டில் இருக்கிற கடைக்காரர்களையும் விவசாயிகளையும் நினைத்து ஒரு சின்ன நாடு அப்படி நின்றதை நான் மதிக்கிறேன். பத்து வருடத்துக்குப் பிறகு சில நிபந்தனைகளைத் திருத்திக்கொண்டு உள்ளே போனது.

அந்த டோஹா மாநாட்டில்தான் சீனாவுக்கு அனுமதி கிடைத்தது. பதினைந்து வருடக் காத்திருப்பு. நவம்பர் 10 ஆம் திகதி சீனா, 11 ஆம் திகதி தாய்வான். அந்த ஒரு நாள் வித்தியாசத்தைப் பற்றி மட்டுமே ஒரு முழு உரை நிகழ்த்தலாம், இன்றைக்கு வேண்டாம். ஈரான் 1996 இல் கேட்டது. அமெரிக்கா 22 தடவை மறித்தது. 2005 இல் பேச்சைத் தொடங்க விட்டார்கள், ஆனால் இன்றுவரை அங்கத்துவம் இல்லை. அந்த ஈரான் நம் தேயிலையைக் குடிக்கிற நாடு. எண்ணெய்க் கடன் 251 மில்லியன் டொலரைத் தேயிலையாகக் கழிப்பது என்று 2021 இல் இலங்கை ஒப்பந்தம் போட்டது அவர்களோடுதான்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் நான் முக்கியமாக வந்தேன்.

இலங்கை உலக வர்த்தக அமைப்பின் வாசலில் காத்து நிற்கவில்லை. அதற்கு முன்னால் இருந்த, தீர்வையும் வர்த்தகமும் பற்றிய காட் உடன்படிக்கையை 1947 இல் ஜெனீவாவில் உட்கார்ந்து பேசிய 23 பேரில் இலங்கையும் ஒன்று. அப்போது சுதந்திரம் கூடக் கிடைக்கவில்லை. 1948 ஜூலை 29 ஆம் திகதி இலங்கை முறைப்படி அதில் அங்கமானது. வியட்நாமைப் பன்னிரண்டு வருடமும் நேபாளத்தைப் பதினைந்து வருடமும் காக்க வைத்த வாசலை நாம் கட்டும்போதே உள்ளே இருந்தோம். ஏன் அவ்வளவு இலேசாக இடம் கிடைத்தது? பிரித்தானியப் பேரரசின் வணிகத்தில் நாம் ஏற்கெனவே இருந்தோம், நம்மிடம் தேயிலையும் இறப்பரும் இருந்தன. அன்றைக்கு ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலை. அந்தத் தேயிலையைக் கிள்ளியது யார் என்று இந்த வானொலியைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த மாதம், 1948 ஓகஸ்ட்டில், ஐக்கிய நாடுகள் சபையில் சேர இலங்கை கொடுத்திருந்த விண்ணப்பம் பாதுகாப்புச் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. சோவியத் ஒன்றியம் இரத்து அதிகாரத்தைப் பாவித்து மறித்தது. பிரித்தானியாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் வைத்திருக்கும் நாடு உண்மையில் சுதந்திர நாடா என்பது அவர்களுடைய கேள்வி. கேள்வி இலங்கையைப் பற்றியது. தேவையோ, தங்கள் பக்கத்து நாடுகளையும் உள்ளே எடுக்க வேண்டும் என்பது. அமெரிக்கப் பக்கம் அவர்களை மறித்தது, இவர்கள் நம்மை மறித்தார்கள். ஏழு வருடம் கழித்து, 1955 டிசம்பர் 14 ஆம் திகதி, இரண்டு பக்கமும் பேசி முடித்துப் பதினாறு நாடுகளை ஒரே கட்டாகச் சேர்த்தார்கள். அந்தக் கட்டில் ஒன்றாகத்தான் நாம் போனோம்.

வெளியே நின்ற அந்த ஏழு வருடத்தில் ஒரு காரியம் நடந்தது. 1951 இல் கொரிய யுத்தத்தை ஒட்டி, சீனாவுக்கு முக்கியமான பொருட்களை விற்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் போட்டது. இறப்பரும் அதில் அடக்கம். இலங்கை அங்கத்தவர் இல்லை. இங்கே அரிசித் தட்டுப்பாடு, இறப்பர் விலை இறங்குமுகம். 1952 இல் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க சீனாவோடு பேசி முடித்தார்: வருடத்துக்கு 270,000 தொன் அரிசி வரும், 50,000 தொன் இறப்பர் போகும், ஐந்து வருடத்துக்கு. பீஜிங் அரசாங்கத்துக்கும் அன்றைக்கு ஐக்கிய நாடுகள் சபையில் இடம் இல்லை. கதவுக்கு வெளியே நின்ற இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து செய்துகொண்ட வியாபாரம் அது. அமெரிக்கா கோபித்துக்கொண்டு உதவியை நிறுத்தியது. ஆனாலும் அந்த உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டுப் பல வருடம் ஓடியது.

நேயர்களே, அதே 1948 ஓகஸ்ட்டில் கொழும்புப் பாராளுமன்றத்தில் இன்னொரு கதவு பேசப்பட்டது. பிரஜாவுரிமைச் சட்டம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம். தகப்பன் இங்கே பிறந்தாரா, பாட்டன் இங்கே பிறந்தாரா, காகிதம் காட்டு என்றார்கள். தேயிலை உலகச் சந்தையின் சங்கத்தில் சேர்ந்த அடுத்த மாதம், தேயிலை கிள்ளிய ஆட்கள் நாட்டின் சங்கத்தில் இருந்து எடுக்கப்பட்டார்கள். இந்த இரண்டு திகதியையும் நான் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். பிள்ளைகள் ஒன்றும் பேச மாட்டார்கள். வகுப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும்.

1949 இல் இந்தியர், பாகிஸ்தானியர் விண்ணப்பிக்க ஒரு சட்டம் வந்தது. கல்யாணம் ஆனவர் என்றால் ஏழு வருடம், ஆகாதவர் என்றால் பத்து வருடம் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிக் கேட்டார்கள். கிடைத்தது ஒன்றரை இலட்சம் பேருக்கும் குறைவு. எங்கள் தாத்தா தங்கையின் கல்யாணத்துக்குத் துறையூர்ப் பக்கம் போனவர், அங்கே காய்ச்சலில் படுத்துப் பதினான்கு மாதம் கழித்துத்தான் திரும்பினார். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கணக்கு. அவருடைய தகரப் பெட்டியில் மரணப் பதிவு, பிறப்புப் பதிவு, சம்பளத் துண்டு என்று நூல் கட்டி வைத்த காகிதம் அவ்வளவும் இருந்தது. அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் காகிதம் இல்லை. 1964 இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பங்கு பிரித்துப் பேசினார்கள். நம்மில் எத்தனை வீடு அதில் இரண்டாகப் பிரிந்தது! கடைசிக் காகிதம் முடிந்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான்.

அதனால்தான் சொல்கிறேன், ஜெனீவாவில் ஒரு சின்ன நாட்டின் அதிகாரி கேள்விக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தகரப் பெட்டி ஞாபகம் வரும். உங்களுக்கும் வரும்.

தென்கிழக்காசிய நாடுகளின் சங்கமான ஆசியானுக்குப் போவோம், நேரம் ஓடுகிறது. 1967 ஓகஸ்ட் 8 ஆம் திகதி பாங்கொக்கில் ஐந்து நாடுகள் அதைத் தொடங்கின. சிங்கப்பூர் சார்பில் கையெழுத்து வைத்தவர் எஸ். இராசரத்தினம், யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் பிறந்தவர். அன்றைக்கு இலங்கைக்கும் இடம் இருந்தது என்பார்கள். அணிசேராக் கொள்கைக்குப் பங்கம் வரும் என்று நாம்தான் ஒதுங்கினோம் என்று ஒரு கதை, நாம் வரப் பார்த்தோம் அவர்கள்தான் தயங்கினார்கள் என்று இன்னொரு கதை. இரண்டும் சொல்லப்படுகிறது. எதுவாக இருந்தாலும் அன்றைக்கு உள்ளே போகவில்லை. பிற்காலத்தில் நாம் போய்க் கேட்டபோது கதவு திறக்கவில்லை. முதல் நாள் கூட்டத்துக்குப் போகாதவர் பிறகு எவ்வளவு நடக்க வேண்டும் என்பதற்குப் பப்புவா நியூ கினியைப் பாருங்கள். 1976 முதல் ஆசியானில் பார்வையாளர். இன்னும் பார்வையாளர்தான்.

தீமோர் லெஸ்தே 2011 இல் விண்ணப்பித்தது. பதின்மூன்று இலட்சம் சனம் உள்ள வறிய நாடு. வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கூட்டங்களுக்கு ஆள் அனுப்ப முடியுமா என்று சில அங்கத்தவர்கள் தயங்கினார்கள். 2022 நவம்பரில் "கொள்கையளவில்" ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள். இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். "கொள்கையளவில் வரவேற்கிறோம்" என்று ஓர் இராஜதந்திரி சொன்னால் கதவில் கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம், திறந்துவிட்டார் என்று அர்த்தம் இல்லை. "உரிய நேரத்தில்" என்றால் நேரம் குறிக்கவில்லை. "ஒருமித்த கருத்து உருவாக வேண்டும்" என்றால் உள்ளே ஒருவர் மறிக்கிறார், பெயரைச் சொல்ல மாட்டார்கள். பத்திரிகையில் இப்படி வந்தால் கீழே கோடு போடச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறேன். தீமோருக்கு அந்தக் "கொள்கையளவில்" மூன்று வருடம் எடுத்தது. 2025 ஒக்டோபர் 26 ஆம் திகதி கோலாலம்பூரில் பதினோராவது அங்கத்தவராக அதன் கொடியை ஏற்றினார்கள். அன்றைக்கு அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கியது, உண்மையாகச் சொல்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தயாரிப்பாளர் தம்பி மூன்று விரலைக் காட்டுகிறார். பணக்கார நாடுகளின் சங்கமான ஓஈசிடி பற்றியும், ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேரக் கேட்ட பிரித்தானியாவைப் பிரான்ஸின் ஜனாதிபதி டி கோல் இரண்டு தடவை வாசலில் நிறுத்தியது பற்றியும் எழுதி வைத்திருந்த பக்கங்களைத் தள்ளிவிடுகிறேன்.

பிரிக்ஸ். 2023 இல் ஆறு நாடுகளை அழைத்தார்கள். அதில் ஆர்ஜென்டினா, அரசாங்கம் மாறியதும் வேண்டாம் என்றுவிட்டது. 2025 ஜனவரியில் இந்தோனேசியா முழு அங்கத்தவர். மலேசியா, தாய்லாந்து, கியூபா போன்ற சில நாடுகளைப் "பங்காளி நாடு" என்று வைத்தார்கள். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. பெற்றோமாக்ஸ் இரவல். இலங்கைக்கு அந்த இரவலும் இதுவரை வரவில்லை.

அடுத்தது ஆர்செப். சீனா, ஜப்பான், கொரியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஆசியானின் பழைய பத்து நாடுகள் சேர்ந்த வர்த்தக ஒப்பந்தம். இலங்கை 2023 இல் விண்ணப்பித்திருக்கிறது. நமக்கு மிகவும் கிட்டிய கதவு இது. அங்கேயும் ஒருமித்த கருத்துத்தான், அங்கேயும் பட்டியல் கேட்பார்கள். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், இது உங்களுக்கு. உங்கள் கிழங்கு கிண்டுகிற நேரம் இறக்குமதிக் கிழங்குக்கு விசேட வியாபாரப் பண்ட அறவீட்டைக் கூட்டினால்தான் உங்களுக்கு விலை நிற்கிறது. அந்த மாதிரி அறவீடுகள்தான் இந்தப் பேச்சுகளில் முதலில் மேசைக்கு வருபவை. தேயிலையிலும் அப்படித்தான். கலப்புக்கு வெளிநாட்டுத் தேயிலையைக் கொண்டுவர விட வேண்டும் என்று ஏற்றுமதியாளர்களில் ஒரு பகுதியினர் நெடுநாளாகக் கேட்கிறார்கள், சிறு தோட்ட உரிமையாளர்கள் எதிர்க்கிறார்கள். உள்ளே சீனா இருக்கிறது, வியட்நாம் இருக்கிறது, இரண்டும் தேயிலை நாடுகள். கேட்க மாட்டார்களா?

நான் சேர வேண்டும் என்ற பக்கம்தான். வெளியே நிற்பதன் விலை நமக்குத் தெரியும். ஆனால் பட்டியலை முன்கூட்டியே காட்ட வேண்டும். உங்கள் பாராளுமன்ற உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கு வரும்போது கேளுங்கள்: ஆர்செப்புக்குக் கொடுக்கப் போகிற பட்டியலில் உருளைக்கிழங்குக்கு எத்தனை வருட அவகாசம் கேட்கிறீர்கள், தேயிலையை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று. வனுவாட்டு கேட்டு வாங்கியது.

பஸ் நிலையத்தில் கேட்ட மகளே, நீ கேட்டுக்கொண்டிருந்தால், பதில் இதுதான்: இன்னும் சேரவில்லை. அந்தச் சீஆர் கொப்பியைப் பார்க்க ஒரு நாள் வீட்டுக்கு வா, மிச்சத்தை அப்போது பேசலாம்.

ஒரு விரல் காட்டுகிறார். வணக்கம்.